ஷோக்ரன் நோய்: உமிழ்நீர்ச் சுரப்பிகளின் மாற்றத்தைக் கணக்கெடுப்பது எப்படி?

ஷோக்ரன் நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தியே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய்) என்று உறுதியாகும்போது கையில் ஒரு கட்டு ரிப்போர்ட் சேர்ந்திருக்கும்: ரத்தப் பரிசோதனை, உதட்டிலிருந்து எடுத்த பயாப்ஸி, கண் மருத்துவரின் சீட்டு. எல்லாமே "இந்த நோய் இருக்கிறதா?" என்ற ஒரே கேள்விக்கான பதில்கள். அடுத்த பத்து இருபது வருடங்களுக்கு உங்களோடு வரப்போகும் கேள்வி வேறு. சுரப்பிகள் போன வருடம் இருந்த இடத்திலேயே நிற்கின்றனவா, இறங்கிவிட்டனவா? அதற்கான பதிலை அந்தக் கட்டுக்குள் தேடிப் பயனில்லை. அதை நீங்களும் மருத்துவரும் சேர்ந்து, வருடா வருடம் ஒரே மாதிரி அளந்துதான் உண்டாக்க வேண்டும்.

"வாய் காய்ந்தால் எனக்கே தெரியாதா, அளப்பானேன்?" என்று பலரும் கேட்பார்கள். தெரியாது என்பதுதான் இந்த நோயின் வில்லங்கம். வருடக்கணக்கில் எச்சில் மெல்ல மெல்லக் குறைந்தவர்களுக்கு அது பழகிப்போய்விடும். கூடவே தண்ணீர் பாட்டில் இருப்பதைத் தவிர வேறு குறை சொல்ல மாட்டார்கள். இன்னொருவருக்கு ஓரளவு எச்சில் ஊறினாலும் நாக்கு எரிச்சலில் தூக்கம் வராது. சளிக்காக நான்கு நாள் போட்ட செட்ரிசின் மாத்திரை வாயைக் காயவைத்திருக்கும். பழி நோயின் மேல் விழும். உணர்வையும் குறித்துவையுங்கள். ஆனால் அதற்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கட்டும்.

எந்தச் சுரப்பி எங்கே இருக்கிறது

பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னால் கன்னத்தின் மேல் படர்ந்திருப்பது பரோடிட். பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குவது இதுதான். இலங்கையில் கூவைக்கட்டு என்பார்கள். தாடை எலும்பின் விளிம்புக்குக் கீழே, உள்ளடங்கி இருப்பது சப்மேண்டிபுலர். நாக்கின் அடியில் இருப்பது சப்லிங்குவல். இவை போக, உதட்டின் உட்புறம், கன்னம், அண்ணம் எங்கும் 600 முதல் 1000 வரை பொடிச் சுரப்பிகள் சிதறிக் கிடக்கின்றன. பயாப்ஸிக்கு எடுத்தது கீழுதட்டில் இருக்கும் இந்தப் பொடிச் சுரப்பிகளைத்தான்.

வேலைப் பங்கீட்டைத் தெரிந்துகொண்டால், ஏன் இரண்டு விதமாக அளக்கச் சொல்கிறோம் என்பது புரியும். சும்மா இருக்கும்போது வாயில் ஊறுவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாடைக்குக் கீழே இருக்கும் சப்மேண்டிபுலர் தருவது. எதையாவது மெல்லும்போது பரோடிட் முழித்துக்கொண்டு பாதிக்குமேல் தன் கணக்கில் ஊற்றும். அதனால் சும்மா ஊறும் அளவு ஒரு கதை சொல்லும், மெல்லும்போது ஊறும் அளவு வேறு கதை சொல்லும்.

முதல் வேலை: தொடக்க அளவு

ஒப்பிட ஒரு பழைய எண் இல்லாவிட்டால் இன்றைய எண்ணால் பயனில்லை. நோய் தெரிந்த முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள், முடிந்தால் பைலோகார்பின் போன்ற எச்சில் சுரக்கவைக்கும் மாத்திரைகளைத் தொடங்குவதற்கு முன்பே, இவற்றை எடுத்துவைக்க வேண்டும்: சும்மா ஊறும் எச்சிலின் அளவு, மெல்லும்போது ஊறும் அளவு, நான்கு பெரிய சுரப்பிகளின் (இரு பரோடிட், இரு சப்மேண்டிபுலர்) அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், பற்களின் படமும் எக்ஸ்ரேயும், பின்னால் சொல்லப்போகும் ரத்தப் பரிசோதனைகள்.

பயாப்ஸி ரிப்போர்ட்டையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். "ஒத்துப்போகிறது" என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால் போதாது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுக்கள் கூடிய கும்பலை ஒரு ஃபோகஸ் என்பார்கள். 4 சதுர மில்லிமீட்டர் திசுவில் அப்படி எத்தனை கும்பல் என்பதே ஃபோகஸ் ஸ்கோர். 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வகுத்த 2016ஆம் ஆண்டின் ஏசிஆர்-யூலார் வகைப்பாட்டில் 3 புள்ளி கிடைக்கும். ரிப்போர்ட்டில் அந்த எண் இல்லையென்றால் நோயியல் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். திசுவைப் பதித்துவைத்த மெழுகு பிளாக் பத்திரமாக இருக்கும்போதே கேட்பது சுலபம். பயாப்ஸியை ஒவ்வொரு வருடமும் திரும்பச் செய்வதில்லை. உதடு மரத்துப்போகும் அபாயம் சிறிதளவு உண்டு. கிடைக்கும் கூடுதல் தகவலும் அந்த அபாயத்துக்கு ஈடாகாது.

சும்மா ஊறும் எச்சிலை அளப்பது

இதை மருத்துவமனையில் செய்வார்கள். ஆனால் வீட்டிலேயே, கிட்டத்தட்ட அதே துல்லியத்தில் செய்ய முடியும். வேண்டியவை நான்கே: மூடியுள்ள சின்ன பிளாஸ்டிக் கிண்ணம், 0.01 கிராம் வரை காட்டும் எலக்ட்ரானிக் தராசு, கடிகாரம், ஒரு நோட்டு. நகை எடை பார்க்க ஆன்லைனில் விற்கும் பாக்கெட் தராசே போதும். சமையலறைத் தராசு வேண்டாம். அது 1 கிராமுக்குக் குறைந்ததைக் கண்டுகொள்ளாது, நாம் அளக்கப்போவதோ 1 கிராமைச் சுற்றித்தான்.

மில்லிலிட்டர் கோடு போட்ட குப்பியை விட்டுவிட்டு எடையைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் நுரை. எச்சில் குறைந்த வாயில் வருவது பெரும்பாலும் கெட்டியாக, நூல் நூலாக, நுரைத்துக்கொண்டு வரும். குப்பியில் பார்த்தால் 3 மி.லி. நிற்பது போலத் தெரியும். அரைமணி நேரம் வைத்தால் 1 மி.லி.தான் தேறும். எடைக்கு அந்த மயக்கம் கிடையாது. 1 கிராம் எச்சிலை 1 மி.லி. என்று எடுத்துக்கொண்டால் போதும்.

நேரம்: காலை 9 முதல் 11 மணிக்குள். நாள் முழுதும் எச்சில் ஒரே மாதிரி ஊறுவதில்லை. தூக்கத்தில் ஏறத்தாழ நின்றுபோகும், பிற்பகலில் உச்சத்தைத் தொடும். ஜனவரியில் காலையிலும் ஜூலையில் மாலையிலும் அளந்துவிட்டு "மருந்து வேலை செய்கிறது" என்று மகிழ்ந்தால், மகிழ்ந்தது கடிகாரத்தைப் பார்த்துத்தான்.

அளப்பதற்கு முன் ஒன்றரை மணி நேரம் சாப்பாடு, காபி, டீ, தண்ணீர், வெற்றிலை பாக்கு, சிகரெட், பல் துலக்கல், வாய் கொப்பளித்தல் எதுவும் கூடாது. பைலோகார்பின் எடுப்பவர்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, காலை மாத்திரையை அளந்து முடித்தபின் போட்டுக்கொள்ளலாம். ஒருமுறை அப்படிச் செய்தால் எல்லா முறையும் அப்படியே செய்யுங்கள். மற்ற மருந்துகளை அளவுக்காக நிறுத்த வேண்டாம், எழுதிவையுங்கள். அமிட்ரிப்டிலின், அலர்ஜி மாத்திரைகள், சிறுநீர்ப்பையைக் கட்டுப்படுத்தும் ஆக்ஸிபியூட்டினின் வகைகள், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் ஆகியவை எச்சிலைக் குறைக்கும் அல்லது வாயைக் காயவைக்கும்.

இனி அளவு. மூடியோடு சேர்த்துக் காலிக் கிண்ணத்தை எடை பார்த்து எழுதுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் முன்னால் சாயுங்கள். வாயில் இருக்கும் எச்சிலை ஒருமுறை விழுங்கிவிட்டு, கடிகாரத்தை ஓடவிடுங்கள். அதன்பின் விழுங்கவே கூடாது. உதடு, நாக்கு, கன்னம் அசையாமல் ஊறுவது தானாகச் சேரட்டும். நிமிடத்துக்கு ஒருமுறை கிண்ணத்தில் மெதுவாகத் துப்புங்கள். உறிஞ்சி இழுத்துத் துப்பினால் அது தூண்டிவிட்ட எச்சில் ஆகிவிடும். பேச்சு, செல்போன், அடுக்களையிலிருந்து வரும் தாளிப்பு வாசம் எதுவும் வேண்டாம். சரியாக 15 நிமிடம் ஆனதும் கடைசியாக ஒருமுறை துப்பி, மூடி, எடை பாருங்கள்.

ஒரு கணக்கு: காலிக் கிண்ணம் 4.36 கிராம். முடிவில் 5.71 கிராம். வித்தியாசம் 1.35. அதை 15ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 0.09 மி.லி. நல்ல நிலையில் இருப்பவருக்கு இது 0.3, 0.4 என்று இருக்கும். 0.1 அல்லது அதற்குக் கீழே என்பது வகைப்பாட்டில் ஒரு புள்ளி பெறும் எல்லை. அதாவது 15 நிமிடத்துக்கு 1.5 மி.லி.

ஒரே நாள் அளவை நம்பி எழுதாதீர்கள். முதல் நாள் இரவு தூக்கமில்லை, பேருந்தில் வியர்த்து வழிந்து வந்தோம், மனசு சரியில்லை என்று எதுவும் அதை ஆட்டிவிடும். ஒரே வாரத்தில் மூன்று நாள் அளந்து, நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். 0.09, 0.12, 0.08 என்று வந்தால் நோட்டில் ஏற வேண்டியது 0.09. மற்ற இரண்டையும் பக்கத்தில் பொடியாக எழுதிவைத்தால், உங்களுக்கு இயல்பாக எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கிறது என்பதும் பிடிபடும். இந்த வார அளவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் தாராளம். தினமும் அளப்பவர்கள் பதற்றத்தைத்தான் அளக்கிறார்கள்.

தராசையும் சந்தேகியுங்கள். பேட்டரி இறங்கினால் அது பொய் சொல்லும். ஒரு நாணயத்தை இதற்கென்றே ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் முதலில் அதை வைத்துப் பாருங்கள். போன தடவை காட்டிய எடையையே காட்டினால் மேலே போகலாம்.

மெல்லும்போது ஊறும் அளவு

சும்மா ஊறுவது சுரப்பியின் அன்றாடச் சம்பளம் என்றால், மெல்லும்போது ஊறுவது அதன் சேமிப்பு. இனிப்போ வாசனையோ இல்லாத பாரஃபின் மெழுகுத் துண்டு பல் மருத்துவரிடம் கிடைக்கும். அதை நொடிக்கு ஒரு மெல்லாக மென்று, முதல் நிமிட எச்சிலைத் துப்பிவிட்டு, அடுத்த 5 நிமிடம் சேருவதை எடை பார்த்து 5ஆல் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 0.7 மி.லி.க்குக் கீழே இருந்தால் குறைவு. நல்ல வாயில் 1 முதல் 2 வரை வரும். சும்மா ஊறும் அளவு எடுத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும், முன்னால் செய்தால் அந்த அளவு கெட்டுவிடும். மெழுகு கிடைக்கவில்லை என்று ஒருமுறை சூயிங்கம், மறுமுறை மெழுகு என்று மாற்றினால் இரண்டு எண்களையும் ஒப்பிடவே முடியாது.

ஜப்பானில் 1999இல் வகுத்த அளவுகோலில் இதற்கு வேறு வழி உண்டு: எடை பார்த்த காஸ் துணியை 2 நிமிடம் மென்று மறுபடி நிறுப்பது. 2 கிராம் அல்லது அதற்குக் கீழ் என்றால் குறைவு. எளிதுதான். ஆனால் காய்ந்த வாயில் துணி தொண்டைக்குள் போய்விடலாம், ஆகவே மருத்துவமனையிலேயே செய்துகொள்ளுங்கள்.

சும்மா ஊறுவது 0.04க்கு விழுந்திருந்தும் மெல்லும்போது 1.0 வருகிறது என்றால், சுரப்பியில் இன்னும் உயிருள்ள திசு இருக்கிறது. பைலோகார்பின் போன்ற மாத்திரைக்குப் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் சேர்ந்து தரைதட்டிவிட்டால் மாத்திரையிடம் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. வியர்வையும் வயிற்றுப்போக்கும் மட்டும் மிஞ்சும். கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமாவும் ஒருவகைக் கண் அழுத்த நோயும் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரையே கூடாது என்பதையும் மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

தொட்டும் பார்த்தும்: வீக்கத்தைப் பதிவு செய்வது

எச்சில் அளவைவிட, நம் கருத்தில், இதுதான் முக்கியம். எச்சில் குறைந்தால் பல் போகும். வீக்கத்தைக் கவனிக்காமல் விட்டால் அதைவிடப் பெரிதாக ஒன்று கைநழுவலாம்.

மாதம் ஒருமுறை, குறித்த ஒரு தேதியில், கண்ணாடி முன் நில்லுங்கள். முடியை ஒதுக்கி இரண்டு காது மடல்களையும் பாருங்கள். பரோடிட் வீங்கினால் கன்னம் உப்புவதற்கு முன்பே, மடலின் நுனி சற்றே மேலேயும் வெளியேயும் தள்ளப்படும். பிறகு கண்ணாடியை விட்டுவிட்டு விரல்களால் பாருங்கள்: காதுக்கு முன்னால், மடலுக்குக் கீழே, தாடைக் கோணத்தில். இங்கே புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. பல்லைக் கடித்தபடி தொட்டுவிட்டு, "கெட்டியாக ஏதோ இருக்கிறது" என்று பயந்துபோவார்கள். அது மெல்லும் தசை. பற்களைத் தளர விட்டுத் தொடுங்கள், ஒருமுறை கடித்துத் தொடுங்கள். கடிக்கும்போது மட்டும் கெட்டியாவது தசை. தளர்த்திய பிறகும் இருப்பது சுரப்பி. அடுத்து தாடை விளிம்பின் கீழே இரண்டு விரல்களை வைத்து உள்நோக்கி உருட்டிப் பார்த்தால், சப்மேண்டிபுலர் நெல்லிக்காய் அளவில் மெத்தென்று சிக்கும். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்பதையும் அதே கையோடு பாருங்கள்.

படம் எடுத்துவையுங்கள்: முகம் நேராக ஒன்று, இடம் ஒன்று, வலம் ஒன்று. அதே சுவர், அதே ஜன்னல் வெளிச்சம், கன்னத்தோரம் ஒரு அடிக்கோல். செல்போனில் அழகு கூட்டும் ஃபில்டர் தானாக இயங்கும், அதை முதலில் அணையுங்கள். கன்ன வீக்கத்தை அது சத்தமில்லாமல் இழைத்துவிடும். அடிக்கோல் எதற்கென்றால், மருத்துவர்கள் பயன்படுத்தும் எஸ்டாய் என்ற நோய்த் தீவிர அளவீட்டில் பரோடிட் வீக்கம் 3 செ.மீ. வரை ஒரு படி, 3 செ.மீ.க்கு மேல் அடுத்த படி.

வீக்கம் வந்தால் எழுத வேண்டியவை: எந்தப் பக்கம், எப்போது தொடங்கியது, சாப்பிடும்போது ஏறி இறங்குகிறதா, வலி உண்டா, காய்ச்சல் உண்டா, எத்தனை நாளில் வடிந்தது. இரண்டு பக்கமும் மிதமாக வீங்கி, சில நாளிலோ வாரங்களிலோ வடிவது இந்த நோயில் சகஜம். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்ததும் ஒரு பக்கம் விண்ணென்று வீங்கி, ஒரு மணி நேரத்தில் வடிந்தால் குழாயில் கல்லோ சளிக்கட்டியோ அடைத்திருக்கலாம். ஒரு பக்கம் சிவந்து, சூடாகி, காய்ச்சலோடு வலித்தால் கிருமித் தொற்று. மேல்வரிசை இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறத்தில், பரோடிட் குழாயின் வாய் ஒரு கடுகளவு மேடாகத் தெரியும். காதோரமிருந்து முன்னால் மெல்ல வழித்துவிட்டால் அங்கே ஒரு சொட்டு வரும். அந்தச் சொட்டு தெளிவாக இருந்தால் சரி. கலங்கலாகவோ, திரிதிரியாகவோ, சீழாகவோ இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அடுத்த நியமனத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாத நிலைகள்: ஒரே பக்கம் வளர்ந்துகொண்டே போகும் வீக்கம், கல் போன்ற கெட்டியான முடிச்சு, மூன்று வாரம் தாண்டியும் வடியாத புது வீக்கம், முகத்தின் ஒரு பக்கம் கோணுவது, காரணமில்லாத காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, எடை இறக்கம், கால்களில் தொட்டால் மேடாகத் தட்டுப்படும் சிவப்பு ஊதாப் புள்ளிகள். ஷோக்ரன் உள்ளவர்களில் நூற்றில் 5 முதல் 10 பேர் வரை வாழ்நாளில் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயை எதிர்கொள்கிறார்கள். அது அடிக்கடி தலைகாட்டும் இடம் இந்தப் பரோடிட்தான். பெரும்பாலும் மெதுவாக வளரும், சிகிச்சைக்கு மசியும் வகை. ஆனால் "பழைய வீக்கம்தானே" என்று இருந்துவிட்டால் காலம் கடந்துவிடும். பழைய படங்கள் கையில் இருந்தால், பழையதா புதியதா என்ற வாதமே எழாது.

வாய்க்குள் பார்க்க வேண்டியவை

பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் பத்துப் புள்ளிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. இருக்கும் ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு புள்ளி. வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடி கன்னத்தில் ஒட்டுகிறதா, நாக்கில் ஒட்டுகிறதா, எச்சில் நுரைக்கிறதா, நாக்குக்கு அடியில் எச்சில் தேங்காமல் காய்ந்து கிடக்கிறதா, நாக்கின் சொரசொரப்பு போய் வழவழப்பாகிவிட்டதா, நாக்கு வெடித்துப் பிளவுபட்டிருக்கிறதா, ஈறின் புள்ளிக்குழிகள் மறைந்து மழமழப்பாகிவிட்டதா, அண்ணம் கண்ணாடி போல் பளபளக்கிறதா, அண்ணத்தில் உணவுத் துணுக்கு ஒட்டியிருக்கிறதா, கடந்த ஆறு மாதத்தில் இரண்டுக்கு மேற்பட்ட பற்களில், ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில், சொத்தை விழுந்திருக்கிறதா. 3 வரை லேசு, 4 முதல் 6 நடுத்தரம், 7 முதல் 10 கடுமை. கண்ணாடி வைத்துப் பார்ப்பதை மட்டும் பல் மருத்துவர் செய்யட்டும், எண்ணை உங்கள் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

சொத்தை விழும் இடமும் ஒரு பதிவுதான். இனிப்பால் வரும் சொத்தை கடைவாய்ப் பல்லின் குழிகளிலும் பல்லிடுக்கிலும் தொடங்கும். எச்சில் வற்றியதால் வருவது ஈறோரத்தில், வேரில், முன்பற்களின் விளிம்பில், வேறு யாருக்கும் சாதாரணமாக விழாத இடங்களில் விழும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் போய், ஃப்ளோரைடு வார்னிஷ் பூசிக்கொண்டு, அந்த நாளில் புதுச் சொத்தைகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். எச்சில் ஊறட்டும் என்று எலுமிச்சையையும் புளியையும் சப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. எச்சில் ஊறும்தான். ஆனால் அமிலத்தைக் கழுவிவிட எச்சில் போதாத வாயில் அது பல் எனாமலை அரித்துவிடும். உப்பில் ஊறிய நாரத்தை, மாங்காய் ஊறுகாய்க்கும் இதே கதிதான்.

நாக்கு திடீரென்று செக்கச்சிவந்து எரிகிறது, வாயின் ஓரம் வெடிக்கிறது என்றால் சுரப்பி மோசமாகிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். அநேகமாக அது கேண்டிடா பூஞ்சை; மருந்து போட்டால் இரண்டு வாரத்தில் வாய் தேறும், உணர்வு எண்ணும் இறங்கும்.

உணர்வு எண்ணுக்கு எஸ்ப்ரி என்ற எளிய முறை இருக்கிறது: கடந்த இரண்டு வாரத்தில் உலர்வு, சோர்வு, வலி மூன்றுக்கும் தனித்தனியே 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கூட்டி, 3ஆல் வகுக்க வேண்டும். முன்னைவிட 1 புள்ளியோ 15 சதவீதமோ இறங்கினால் அதை உண்மையான முன்னேற்றமாகக் கொள்வார்கள்.

ஸ்கேன்: எதைக் கேட்டு வாங்க வேண்டும்

அல்ட்ராசவுண்டில் வலியில்லை, கதிர்வீச்சில்லை. நல்ல சுரப்பி திரையில் நைசாக அரைத்த மாவு போல ஒரே சீராகத் தெரியும். ஷோக்ரனில் அதில் கருப்புப் புள்ளிகள் விழும், தோசையில் ஓட்டை விழுவது போல. நோய் முற்ற முற்ற ஓட்டைகள் பெருகி, இடையே வெள்ளை நார்க்கோடுகள் ஓடும்.

கோளாறு பெரும்பாலும் சீட்டில்தான் தொடங்கும். "கழுத்து ஸ்கேன்" என்று எழுதினால் தைராய்டையும் நெறிகளையும் விலாவாரியாகப் பார்த்து, "உமிழ்நீர்ச் சுரப்பிகள் இயல்பு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சீட்டில் இருக்க வேண்டியது: இரு பரோடிட், இரு சப்மேண்டிபுலர், ஒவ்வொன்றுக்கும் ஒமெராக்ட் என்ற மதிப்பெண் முறையில் 0 முதல் 3 வரை மதிப்பு. 0 இயல்பு. 1 என்றால் லேசான சீரின்மை, கருப்புப் புள்ளி இல்லை. 2 என்றால் அங்கங்கே கருப்புப் பகுதிகள், நடுவே நல்ல திசுவும் உண்டு. 3 என்றால் சுரப்பி முழுக்கப் பாதிப்பு, நல்ல திசு மிச்சமில்லை. சில இடங்களில் 48 வரை போகும் ஹோசவர் மதிப்பெண் தருவார்கள், அதுவும் நல்லதே. ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். கூடுமானவரை அதே இடம், அதே மருத்துவர். படங்களைத் தாளில் மட்டுமல்லாமல் கோப்பாகவும் கேளுங்கள்.

வருடம் ஒருமுறை போதும். இந்தப் படம் மெதுவாகத்தான் மாறும், இரண்டு வருடம் அசையாமல் இருப்பது சாதாரணம். ஒரு சுரப்பிக்குள் மட்டும் தனியாக ஒரு பெரிய கருப்புத் திட்டு புதிதாகத் தெரிந்தால் அது வேறு விஷயம். ஊசி அல்லது திசுப் பரிசோதனை வரை போக வேண்டியிருக்கும். டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுக்கும் சிண்டிகிராஃபி ஸ்கேன், சுரப்பி உறிஞ்சுவதையும் எலுமிச்சைச் சாறு கொடுத்ததும் வெளியேற்றுவதையும் காட்டும். கதிர்வீச்சு உள்ளதால் வருடாந்தரப் பழக்கமாக்க வேண்டாம், கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

ரத்தத்தில் எவை

ஷோக்ரன் உள்ள பலரின் ரத்தத்தில் காணப்படும் ஆன்ட்டி-ரோ எதிர்ப்பொருளை ஒருமுறை பார்த்தால் போதும். ஏறினாலும் இறங்கினாலும் சுரப்பியைப் பற்றி அது புதிதாக எதுவும் சொல்லாது, அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை பார்க்க வேண்டியவை முழு ரத்த அணு எண்ணிக்கை, சி3, சி4 (எதிர்ப்புச் சக்திக்குத் துணைநிற்கும் புரதங்கள்), ஐஜிஜி, ருமட்டாய்டு ஃபேக்டர் (இரண்டும் எதிர்ப்பொருள்கள்), புரத எலக்ட்ரோஃபோரசிஸ் (ரத்தப் புரதங்களை வகைவகையாகப் பிரித்துப் பார்ப்பது). சி4 குறைவது, லிம்ஃபோசைட் குறைவது, ஒற்றை வகைப் புரதம் தலைதூக்குவது ஆகிய மூன்றும் வடியாத பரோடிட் வீக்கத்தோடு சேர்ந்தால் மருத்துவர் லிம்ஃபோமாவைத் தேடத் தொடங்குவார்.

கிரையோகுளோபுலின் சோதனையில் ஒரு நுணுக்கம். இந்தப் புரதம் குளிரில் உறையும். ரத்தம் எடுத்ததிலிருந்து சீரம் பிரிக்கும்வரை 37 டிகிரியிலேயே இருக்க வேண்டும். சாதாரணக் குழாயில் எடுத்து ஐஸ் பெட்டியில் வேறு ஊருக்கு அனுப்பினால், தேடும் பொருள் ரத்தக்கட்டியோடு போய்விடும், ரிப்போர்ட்டில் "இல்லை" என்று வரும். சோதனைக்கூடத்திலேயே நேரில் போய், சூடான குழாயில் எடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள்.

எண் மாறினால் எப்படி வாசிப்பது

0.09இலிருந்து 0.08க்கு வந்தால் ஒன்றுமில்லை, அது அளவின் ஆட்டம். மருந்து ஆய்வுகளுக்காக 2022இல் வகுத்த ஸ்டார் என்ற அளவீட்டில், குறைவாக இருந்த எச்சில் 25 சதவீதமாவது கூடினால்தான் முன்னேற்றம் என்கிறார்கள். வீட்டுக் கணக்குக்கும் அதையே எல்லையாக வைத்துக்கொள்ளலாம், ஏறினாலும் இறங்கினாலும். அடுத்தடுத்த இரண்டு அளவு வாரங்களில் அதே திசையில் வந்தால் மட்டும் நம்புங்கள்.

இறங்கியிருந்தால் முதலில் மருந்துப் பட்டியலைப் பாருங்கள். புதிதாக என்ன சேர்ந்தது? பிறகு சர்க்கரை, தண்ணீர்ச் சத்து, தூக்கம். எதிலும் மாற்றமில்லை என்றால்தான் சுரப்பியைக் குற்றம் சொல்ல வேண்டும். 0.02, 0.03 என்று அடிமட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த எண் இனி எதுவும் சொல்லாது, கீழே போக இடமில்லை. அவர்கள் எச்சில் அளப்பதை விட்டுவிட்டு வீக்கம், பல், ஸ்கேன் மூன்றையும் மட்டும் தொடர்ந்தால் போதும்.

நோட்டும் நாளும்

ஒரே ஒரு பக்கம், குறுக்கே தேதி, நெடுக்கே இவை: சும்மா ஊறும் அளவு, மெல்லும் அளவு, எஸ்ப்ரி, பத்துப் புள்ளி, புதுச் சொத்தை, வீக்க நாட்கள், நான்கு சுரப்பி ஸ்கேன் எண், சி4, ஐஜிஜி, மருந்து மாற்றம். மாதம் ஒருமுறை படமும் விரல் சோதனையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்சில் வாரம், பல் மருத்துவர், ரத்தம். வருடம் ஒருமுறை ஸ்கேன். ஸ்கேனைப் பிறந்த மாதத்தில் வைத்துக்கொண்டால் மறக்காது. எச்சில் வாரத்தை மட்டும் சித்திரை வெயிலில் வைக்காதீர்கள். தையிலும் ஆடியிலும் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தையையும் போன தையோடு ஒப்பிடலாம்.

வெளிநோயாளிப் பிரிவில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடமாக இருக்கலாம். ரிப்போர்ட் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தால் அதிலேயே நேரம் போய்விடும். இந்த ஒரு பக்கத்தை மேலே வைத்து, மாறிய எண்ணை மட்டும் சிவப்பில் சுழித்து, வீக்கப் படங்களைச் செல்போனில் தேதிவாரியாகத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். மருத்துவர் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை என்றால், பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.